அபராதம்: கட்டுவதா, வழக்காடுவதா?



இன்று ஒரு லாரி ஓட்டுநரின் கதையைக் கேளுங்கள். இது ஏதோ ஒரு தனி ஆளுக்கு நடந்தது அல்ல. சாலையில் ஓடும் எவருக்கும் நேரக்கூடியது. சட்டத்தை விளக்குவதற்காகச் சொல்லப்படும் கதை. கதைதான் கற்பனை. சட்டம் கற்பனை அல்ல.

மகாராஷ்டிர மாநிலத்தில் நாசிக் மாவட்டம். அங்கே லாசல்காவ் என்று ஓர் ஊர். வெங்காயச் சந்தைக்குப் பேர் பெற்ற ஊர். அங்கிருந்து மும்பைக்குப் பக்கத்தில் உள்ள வாஷி சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப் போவது அந்த ஓட்டுநரின் வேலை.

லாரி முதலாளியுடையது. மூட்டை ஏற்றி முடிக்க இரவு நெடுநேரம் ஆகிவிடும். "விடியும் முன்னே வாஷியில் நிற்க வேண்டும். நேரம் தவறினால் விலை போய்விடும்" என்பார் முதலாளி.

ஓட்டுநரின் வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். ஐந்து வயிறும் அவர் கையில் இருக்கும் லைசென்ஸை நம்பி இருந்தன.

சிறு வயதில் அவர் பள்ளிக்குப் போகவில்லை. பெரியவர் ஆன பிறகு இரவு வகுப்பில் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பார். மெதுவாகப் படிப்பார். ஆனாலும் படிப்பார்.

முதல் நோட்டீஸ்

ஒரு நாள் முதலாளி ஒரு தாளை நீட்டினார். "வேகமாகப் போயிருக்கிறாய். அபராதம் வந்திருக்கிறது. நீதான் கட்ட வேண்டும்" என்றார்.

ஓட்டுநர் தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். வண்டி எண் சரியாக இருந்தது. படத்தில் இருந்தது அவர் ஓட்டும் லாரிதான். தேதியும் நேரமும் அவர் போன இரவுதான். அந்த இடத்தில் 60 கிலோமீட்டர் வேகம்தான் போகலாம். கேமரா காட்டிய வேகம் 78.

அவருக்கு நினைவு வந்தது. அன்று மூட்டை ஏற்றத் தாமதம் ஆயிற்று. நேரத்தைப் பிடிக்க வண்டியை விரட்டினார். தப்பு அவருடையது. அபராதத்தைக் கட்டினார்.

வேகத்துக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு? 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் விபத்தில் இறந்தார்கள். இறந்தவர்களில் 100-க்கு 71 பேர் அதிவேகத்தால் இறந்தவர்கள். இது மத்திய அரசின் கணக்கு. வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்கு ஆகிறது. அந்தத் தூரத்துக்குள் ஒரு குழந்தை வந்து விட்டால்?

ஆகவே, தப்பு உண்மை என்றால் அபராதம் கட்டுவதே முறை.

இரண்டாவது வழக்கு

நான்கு மாதம் கழிந்தது. ஒரு நாள் பகலில் ஓட்டுநர் காலி லாரியோடு திரும்பிக் கொண்டிருந்தார். வழியில் ஒரு சிற்றூர். அங்கே 40 என்று பலகை இருந்தது. முன்னால் மாட்டு மந்தை ஒன்று சாலையைக் கடந்தது. அவர் மெதுவாகவே வந்தார்.

மரத்தடியில் நின்ற ஒரு காவலர் கையைக் காட்டினார். லாரி நின்றது.

"75-இல் வருகிறாயே! கண் தெரியவில்லையா?"

"இல்லை ஐயா, மெதுவாகத்தான் வந்தேன். முன்னால் மாடு போனது."

"எனக்குத் தெரியாதா? பார்த்தாலே தெரியும்."

காவலர் கையில் வேகம் பார்க்கும் கருவி இல்லை. கூட வேறு காவலரும் இல்லை. அவர் வழக்கு எழுதினார். லைசென்ஸை வாங்கிக் கொண்டார். ரசீது கொடுத்தார்.

அன்று இரவு மற்ற ஓட்டுநர்கள் சொன்னார்கள்: "பணத்தைக் கட்டிவிட்டுப் போ. கோர்ட் வாசலில் நின்றால் கூலி போகும். போலீசோடு வழக்காடி ஜெயித்தவன் யார்?"

ஓட்டுநருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் லைசென்ஸ் போனதை எண்ணித் தூக்கம் வரவில்லை. "கோர்ட்டில் ஏழைகளுக்கு இலவச வக்கீல் உண்டு என்று வகுப்பில் படித்ததாகச் சொன்னீர்களே, போய்க் கேளுங்கள்" என்றார் மனைவி.

வக்கீல் சொன்ன விவரம்

தாலுகா கோர்ட்டில் சட்டப் பணிகள் குழு இருந்தது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி அமைந்த குழு அது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் அங்கே இலவச உதவி உண்டு. குறைந்த வருமானம் உள்ள மற்றவர்களுக்கும் உண்டு. ஓட்டுநரின் வருமானம் வரம்புக்குள் இருந்தது. ஒரு பெண் வக்கீலை அமர்த்திக் கொடுத்தார்கள்.

வக்கீல் தாளைப் படித்தார். பிறகு கேட்டார்: "இதற்கு முன் வேக வழக்கு உண்டா?"

"ஒன்று உண்டு அம்மா. அபராதம் கட்டிவிட்டேன். அது முடிந்த கதைதானே?"

"முடியவில்லை. அபராதம் கட்டித் தீர்த்தாலும் அது முதல் குற்றமாகக் கணக்கில் இருக்கும். இதையும் கட்டினால் இரண்டாவது குற்றம் ஆகிவிடும்."

வக்கீல் மேலும் விளக்கினார். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. 2019-இல் அது கடுமையாகத் திருத்தப்பட்டது. வேக வரம்பைச் சொல்வது 112-ஆம் பிரிவு. தண்டனையைச் சொல்வது 183-ஆம் பிரிவு. கார் போன்ற இலகு வண்டிக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. லாரி, பஸ் போன்றவற்றுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை. இரண்டாம் முறை குற்றம் செய்தால் அபராதத்தோடு லைசென்ஸையும் பறிக்கலாம்.

"உங்களிடம் இருக்கும் ரசீது லைசென்ஸ் ஆகாது. லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும்வரை வண்டி ஓட்டாதீர்கள். ஓட்டினால் புது வழக்கு வரும்" என்றும் எச்சரித்தார்.

ஓட்டுநரின் முகம் வாடியது. வக்கீல் கேட்டார்: "காவலர் எந்தக் கருவியால் வேகத்தை அளந்தார்?"

"கருவியே இல்லை அம்மா. கண்ணால் பார்த்துச் சொன்னார்."

"அப்படியானால் கேளுங்கள். 'இவர் வேகமாக வந்தார் என்பது என் கருத்து' என்று ஒரே ஒரு சாட்சி சொன்னால், அதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது. கருவியால் அளந்து சொன்னதாக இருக்க வேண்டும். இதுவும் அதே 183-ஆம் பிரிவில்தான் இருக்கிறது."

ஓட்டுநர் அந்த வரியைக் காட்டச் சொன்னார். வக்கீல் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அவர் விரல் வைத்து அதை இரண்டு முறை படித்தார்.

கோர்ட்டில்

வழக்கு நாள் வந்தது. அதுவரை அவர் சந்தையில் மூட்டை தூக்கினார். பாதிக் கூலிதான் கிடைத்தது.

நீதிபதி குற்றச்சாட்டைச் சொல்லிக் கேட்டார்: "குற்றத்தை ஒப்புக் கொள்கிறீர்களா?"

பலரும் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். பயத்தில் "ஆமாம்" என்று சொல்லி விடுவார்கள். ஒப்புக் கொண்டால் விசாரணை இல்லை. தண்டனை மட்டும்தான்.

ஓட்டுநரின் தொண்டை வறண்டது. "இல்லை ஐயா. நான் அந்த வேகத்தில் வரவில்லை" என்றார்.

விசாரணைக்கு இன்னொரு நாள் குறித்தார்கள். அன்று காவலர் சாட்சி சொன்னார். அவர் பொய்யர் என்று வக்கீல் கத்தவில்லை. நிதானமாக மூன்று கேள்விகள் கேட்டார்.

"வேகத்தை அளக்கக் கருவி வைத்திருந்தீர்களா?"

"இல்லை."

"75 என்று எப்படிச் சொன்னீர்கள்?"

"அனுபவத்தால் சொன்னேன்."

"உங்களைத் தவிர வேறு சாட்சி உண்டா?"

"இல்லை."

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். ஓட்டுநர் விடுதலை ஆனார். தீர்ப்பின் நகலை வாங்கி, லைசென்ஸ் வழங்கும் அலுவலகத்தில் கொடுத்தார். லைசென்ஸை ரத்து செய்வதற்கு முன்பு உரியவரின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதும் சட்டம். அங்கேயும் அவர் தன் பக்கத்தைச் சொன்னார். லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது.

வெளியே வந்ததும் ஓட்டுநர் கேட்டார்: "அப்படியானால் கருவி இல்லாத இடத்தில் எப்படி வேண்டுமானாலும் போகலாமா அம்மா?"

வக்கீல் சிரித்தார். "இரண்டு பேர் சாட்சி சொன்னால் நிலைமை வேறு. ஆபத்தாக ஓட்டினால் 184-ஆம் பிரிவு இருக்கிறது. அதில் சிறையும் உண்டு. அதோடு, குறுக்கே வரும் மாடு கருவி இருக்கிறதா என்று பார்த்து வராது" என்றார்.

கேமரா பிடித்தால்?

கருவி பிடித்த வழக்கிலும் கேள்வி கேட்கலாம். இதற்கு 2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதி வகுத்தது. கருவிக்குத் தகுதிச் சான்று வேண்டும். சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். நோட்டீசில் வண்டி எண் தெரியும் படம் இருக்க வேண்டும். அளந்த வேகம், இடம், தேதி, நேரம் இருக்க வேண்டும். 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றும் அந்த விதி சொன்னது.

சில சமயம் எண் பலகையில் ஓர் எண்ணைக் கேமரா தவறாகப் படித்து விடும். ஊரில் நிற்கும் வண்டிக்கு வேறு ஊரிலிருந்து நோட்டீஸ் வரும். அப்போது படத்தில் இருப்பது தன் வண்டிதானா என்று பார்க்க வேண்டும். சுங்கச் சாவடியில் பணம் கழிந்த நேரம், சரக்குச் சீட்டு ஆகியவை வண்டி அன்று எங்கே இருந்தது என்று காட்டும். அவற்றைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

இப்போது பல மாநிலங்களில் இணையவழி நீதிமன்றம் உண்டு. அபராதம் கட்டுகிறேன் என்றும் சொல்லலாம். வழக்காடுகிறேன் என்றும் சொல்லலாம். வழக்காடுவதாகச் சொன்னால், வழக்கு அந்தப் பகுதியின் கோர்ட்டுக்குப் போகும்.

முதலாளிக்கும் பொறுப்பு உண்டு

லைசென்ஸ் கிடைத்த பிறகு ஓட்டுநர் முதலாளியிடம் போனார். சட்டத்தில் இன்னொரு செய்தியையும் அவர் படித்திருந்தார். ஓட்டுநரை வரம்பு மீறி ஓட்ட வைக்கும் முதலாளியும் குற்றவாளிதான். வரம்புக்குள் ஓட்டினால் போய்ச் சேர முடியாத நேரத்தை ஒருவர் குறித்துக் கொடுத்தால், அதுவே அவருக்கு எதிரான சான்றாகும்.

ஓட்டுநர் சண்டை போடவில்லை. "ஐயா, மூட்டையை ஒரு மணி நேரம் முன்னதாக ஏற்றச் சொல்லுங்கள். நான் வரம்புக்குள் ஓட்டியே நேரத்துக்குச் சேர்த்து விடுகிறேன்" என்றார்.

முதலாளி சற்று யோசித்தார். மறுநாள் முதல் மூட்டை முன்னதாக ஏறியது.

நினைவில் வையுங்கள்

1. நோட்டீஸ் வந்தால் முழுவதும் படியுங்கள். வண்டி எண், இடம், தேதி, நேரம், வேகம், சட்டப் பிரிவு ஆகியவற்றைப் பாருங்கள்.

2. தப்பு உண்மை என்றால் அபராதம் கட்டுங்கள். இல்லை என்றால் பயந்து ஒப்புக் கொள்ளாதீர்கள்.

3. லைசென்ஸை வாங்கினால் ரசீது கேட்டு வாங்குங்கள்.

4. நோட்டீசில் குறித்த நாளைத் தவற விடாதீர்கள்.

5. வக்கீல் வைக்க வசதி இல்லையா? கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் பேசினாலும் வழி சொல்வார்கள்.

கலந்து பேசுங்கள்

ஓட்டுநர் முதல் அபராதத்தை ஏன் கட்டினார்? இரண்டாவதை ஏன் கட்டவில்லை?

உங்கள் ஊரில் வண்டிகள் வேகமாகப் போகும் இடம் எது? அங்கே வேகப் பலகை இருக்கிறதா?