நீர் மாத்திரையும் லித்தியமும்

(வெள்ளி விழாவையொட்டிக் கன்னிவாடியில் ஆற்றிய உரை)



கல்வி விழாவில் மாத்திரையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். மருந்துச் சீட்டைப் படிப்பதும் கல்விதானே! நம் வீடுகளில் பெரியவர்களின் சீட்டைப் படித்துச் சொல்ல வேண்டியவர்கள் இளைஞர்களாகிய நீங்களே.

மனம் ஒருசமயம் அளவின்றிக் கிளர்ந்தும், மற்றொரு சமயம் அடியோடு சோர்ந்தும் போகின்ற நோய் ஒன்று உண்டு. அதற்கு லித்தியம் என்னும் உப்பு பயன்தரும் என்று 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதினார். பலரைத் தற்கொலையினின்று காத்த மருந்து அது. ஆயின் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை பெரும்பாலோர்க்குப் போதும், 1.5ஐத் தாண்டினால் தீங்கு நெருங்கிவிடும்.

இரத்தக் கொதிப்புக்குத் தரும் நீர் மாத்திரை, சிறப்பாக ஹைட்ரோகுளோரோதயசைடு, உடலிலுள்ள சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. இழப்பை ஈடுகட்டச் சிறுநீரகம் சோடியத்தை இழுத்துப் பிடிக்கும். லித்தியத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். உண்ணும் அளவு மாறாதிருக்க, இரத்தத்தில் லித்தியம் காற்பங்கோ அதற்கு மேலோ உயர்ந்துவிடும். பல கொதிப்பு மாத்திரைகளில் இந்த நீர் மருந்து கலந்தே வருகிறது. பெயரின் இறுதியில் 'எச்' என்றிருப்பின் ஐயுறுங்கள். எனலாபிரில், டெல்மிசார்ட்டன், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் ஆகியனவும் லித்தியத்தை உயர்த்தக்கூடும். வெயிலில் காட்டுவேலை செய்து வியர்ப்பவர்க்கும், வயிற்றுப்போக்கு கண்டவர்க்கும் இடர் மேலும் மிகும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் கொதிப்பு மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ வாங்கிய மனநல மாத்திரையோ பெட்டியின் அடியில் கிடக்கிறது. கொதிப்புக்கு மருந்தெழுதியவர் அதை அறியார். சாதியின் பெயரால் இழிவுபட்டோம். 'பைத்தியம்' என்னும் பட்டமும் எதற்கு என்று மறைக்கிறார்கள். அந்த அச்சத்தை நான் பழிக்கமாட்டேன். தெருவாரிடம் சொல்ல வேண்டாம். மருந்து எழுதும் ஒவ்வொருவரிடமும் சொல்லியே ஆக வேண்டும்.

கைநடுக்கம் மிகுதல், வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்குழறல், அறிவுக் குழப்பம் ஆகியவை நஞ்சேறுவதன் அடையாளங்கள். நம்மவர் இந்நிலையில் வந்தால் குடித்திருக்கிறார் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. ஆகவே உடன்செல்பவர் 'இவர் லித்தியம் உண்பவர்' என்று முதற்சொல்லாகச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். அடுத்த வேளை லித்தியத்தைக் கொடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இதைக் கேட்டு அஞ்சி, நலமாயிருப்பவர் எவரும் தாமாக லித்தியத்தை நிறுத்திவிடாதீர்கள்; நோய் கடுமையாகத் திரும்பும். மருத்துவர் சிலவேளை இரண்டையும் அறிந்தே சேர்த்துத் தருவார். அப்போது லித்தியத்தின் அளவைக் குறைத்து, இரத்தத்தை அடிக்கடி சோதிப்பார். நீர் மாத்திரை புதிதாகத் தொடங்கினால் ஒரு வாரத்திற்குள் சோதனை வேண்டும். முந்தைய இரவு மாத்திரை உண்ட 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை உண்ணும் முன்பு இரத்தம் கொடுக்க வேண்டும்.