அம்மாவின் ஆல்பம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, "உங்க வேலை அனுபவத்தைப் பத்திப் பேசுங்க" என்றுதான் சொன்னார். என் வேலையைப் பற்றி நான் சொல்லக்கூடியதெல்லாம் இங்கே பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அவருடைய அனுமதியோடு வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். நம் வீடுகளில் கிடக்கும் பழைய போட்டோக்கள். 2022-ல் மறைந்த என் தாயாரைப் பற்றி அவை எனக்குச் சொன்ன ஒரு செய்தி.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். சொந்தக் கேமரா கிடையாது. விசேஷம் என்றால் சித்தப்பாவின் கேமரா வரும். ஒரு ரோலுக்கு 36 படம், அதையும் மூன்று குடும்பம் பங்கு போட வேண்டும். எண்ணிப் பார்த்தால் எங்கள் வீட்டில் இருப்பது மொத்தம் 140 படங்கள். அம்மா இருப்பது 31-ல். அவற்றிலும் பாதி, பந்தியில் பரிமாறும்போதோ, பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தும்போதோ விழுந்தவை.

அம்மா போனதும் மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. தனியாக எடுத்தது ஒன்றுகூட இல்லை. 2008-ல் ஒரு கல்யாண வீட்டில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அம்மாவை மட்டும் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுத்தார் ஸ்டூடியோக்காரர். குறை சொல்ல முடியாது, அழகாகத்தான் செய்திருந்தார். பின்னால் நீல வானம். அம்மாவின் தோளில் கிடந்த பெரியம்மாவின் கையை எடுத்துவிட்டார். கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலியையும் போட்டுவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அசல் படத்தை எடுத்துப் பார்த்தேன. அதில் சங்கிலி இல்லை, வெறும் மஞ்சள் கயிறுதான். வரைபடத்தில் ஒன்றும் கட்டடத்தில் ஒன்றும் இருந்தால் நம் ஆட்களுக்குத் தூக்கம் வராது அல்லவா? 140 படங்களையும் கூடத்தில் பரப்பி, கால வரிசைப்படி அடுக்க உட்கார்ந்தேன். சில படங்களின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி இருக்கும். அதை நம்ப முடியாது. பேட்டரி மாற்றினால் தேதியை யாரும் சரிசெய்வதில்லை. எங்கள் வீட்டுப் பொங்கல் ஒன்று ஆகஸ்டில் நடந்திருக்கிறது! சுவரில் தொங்கிய காலண்டர், அக்காவின் பாவாடை தாவணி, எனக்கு விழுந்த பல், இவற்றை வைத்துத்தான் வருடம் கண்டுபிடித்தேன்.

அடுக்கி முடித்ததும் விஷயம் தெளிவாகத் தெரிந்தது. 2005 வரை அம்மாவின் கழுத்தில் தாலிச் சங்கிலி இருக்கிறது. அடுத்த படம் 2006, நம் கல்லூரி வாசல். நான் டிரங்குப் பெட்டியோடு நிற்கிறேன், பக்கத்தில் அம்மா. மஞ்சள் கயிறு. நான் படித்து முடிக்கும் வரை எல்லாப் படத்திலும் கயிறுதான். 2012-ல் அக்கா மகன் காதுகுத்தில் சங்கிலி திரும்பி வந்துவிட்டது.

அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஒனக்கு மொத வருஷ ஃபீஸும் ஹாஸ்டலும் கட்டணும்ல. அஞ்சு பவுனு. பேங்க்ல வச்சோம். வருசா வருசம் வட்டியக் கட்டி மாத்தி மாத்தி வச்சோம். நீ வேலைக்குப் போன பெறகுதான் திருப்புனோம். அவன்ட்டச் சொல்லக் கூடாதுன்னு ஒங்கம்மா சொல்லிட்டா."

அந்த நாளில் அம்மா என்னிடம் சொன்னது, "சங்கிலி கழுத்த அரிக்குதுய்யா, கயிறுதான் சொகமா இருக்கு" என்பதுதான்.

நான் ஸ்டூடியோவுக்குத் திரும்பப் போய், கயிறோடும் பெரியம்மாவின் கையோடும் வேறு படம் போட்டுத் தரச் சொன்னேன். அக்காவுக்குச் சம்மதமில்லை. "ஆயுசு பூரா கஷ்டப்பட்டவள படத்துலயாவது நல்லா வைக்கக் கூடாதா?" என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் அப்பாதான் முடிவு சொன்னார்: "ஆறு வருசம் அதோடதான இருந்தா. அப்படியே இருக்கட்டும்." இப்போது கூடத்தில் இருப்பது அந்தப் படம். அக்கா கேட்ட படம் அவள் வீட்டில் இருக்கிறது.

பொறியாளன் என்ற முறையில் நடைமுறைக்கு உதவும் சில வார்த்தைகள். 1984-ல் எடுத்த என் பெற்றோரின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் இன்றும் பளிச்சென்று இருக்கிறது. 1990-களின் வண்ணப் படங்கள் சிவந்துவிட்டன. கறுப்பு வெள்ளையில் உருவம் வெள்ளித் துகள்களால் ஆனது. வண்ணப் படத்தில் இருப்பது சாயம், அது நாளாக ஆக மங்கும். ஆகவே வண்ணப் படங்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்தால் 4-க்கு 6 படம் ஒன்று 2400-க்கு 3600 புள்ளிகளாகக் கிடைக்கும், வீட்டு உபயோகத்துக்கு அது தாராளம். பசை தடவிய அட்டையில் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பங்கள் படத்துக்கு எதிரி. ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். நெகட்டிவ் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். எண் போட்ட உறையில் வைத்து, விவரத்தைத் தனி நோட்டில் எழுதுங்கள்.

ஆனால் ஸ்கேனரால் பிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அந்தக் கயிறு எல்லாப் படத்திலும் தெரிந்தது; அதன் காரணம் அப்பாவுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அவரும் இல்லாமல் போயிருந்தால் என் கையில் இருப்பது வெறும் 31 படங்கள்.

தம்பி தங்கைகளே, உங்கள் போனில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கும். அது போதும் என்று இருந்துவிடாதீர்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பழைய ஆல்பத்தை எடுத்து அம்மா, அப்பா, ஆச்சி, தாத்தா பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் "இது யாரு? அப்ப என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பட்டத்துக்கு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு உங்கள் வீட்டு ஆல்பத்திலும் எங்காவது இருக்கும்.