கேட்பவர் கொள்ளும் பொருள்



ஒரே பாட்டை இருவர் கேட்கின்றனர். இருவரும் வெவ்வேறு பொருள் கொள்கின்றனர். அவருள் யார் கூறுவது பொருந்தும்? பாட்டில் ஐயத்திற்கு இடமிருக்குமாயின், கேட்பவர் எதனைத் துணையாகக் கொண்டு பொருள் காண்பது? இவ்வினாவை இரண்டு பாடல்களை வைத்து ஆராய்வோம். ஒன்று சங்கப் பாட்டு. மற்றொன்று திரைப்படப் பாட்டு.

குறுந்தொகையின் 40-ஆம் பாட்டை நீங்கள் அறிவீர்கள். இருவருடைய தாயரும் தந்தையரும் தமக்குள் உறவினர் அல்லர். இருவரும் முன்னர் ஒருவரையொருவர் அறிந்தவரும் அல்லர். எனினும் செந்நிலத்திற் பெய்த மழைநீர் போல நெஞ்சங்கள் ஒன்றாயின என்பது அதன் கருத்து. அவ்வுவமையின் சிறப்பினாலேயே புலவர் செம்புலப்பெயனீரார் என்று பெயர் பெற்றார். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

இப்பாட்டிற் பேசுபவர் ஆணா, பெண்ணா? தன்மைக்கும் முன்னிலைக்கும் உரிய சொற்கள் தமிழில் இருபாலுக்கும் பொதுவானவை. ஆகவே பாட்டின் சொற்களால் மட்டும் இதனைத் துணிய இயலாது. நான் வகுப்பில் பாட்டை மட்டும் கரும்பலகையில் எழுதி, பேசுபவர் யார் என்று வினவுவதுண்டு. தலைவன் என்பர் சிலர். தலைவி என்பர் வேறு சிலர். எப்பொழுது பேசியது என்றால், மணநாளில் என்று பலரும் மகிழ்ச்சியோடு விடை கூறுவர்.

பின்னர், பாட்டின் கீழுள்ள கூற்றுக் குறிப்பைப் படித்துக் காட்டுவேன். தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவ்வச்சத்தைக் குறிப்பால் உணர்ந்து தலைவன் கூறியது இது என்கிறது அக்குறிப்பு. மகிழ்ச்சிப் பாட்டாகத் தோன்றியது, அஞ்சிய நெஞ்சைத் தேற்றும் பாட்டாகி விடுகின்றது. ஒரு சொல்லும் மாறவில்லை. சூழல் ஒன்றே மாறியது.

ஆனால் அக்குறிப்பும் புலவர் எழுதியதன்று, பிற்காலத்தில் பாடல்களைத் தொகுத்தோர் சேர்த்தது என்பது அறிஞர் பலர் கருத்து. அவ்வாறாயின், அதுவும் நமக்கு முன்னே பாட்டைக் கேட்ட ஒருவர் கொண்ட பொருளே அன்றோ? மதிக்கத்தக்க சான்றுதான், எனினும் புலவரின் வாக்குமூலம் அன்று.

இனி இரண்டாவது பாடல். 1967-இல் வெளிவந்த 'பட்டணத்தில் பூதம்' என்னும் படத்திற்குக் கவிஞர் கண்ணதாசன் எழுதியது. சிவகாமியின் மகனுக்குத் தலைவி தூது விடுகிறாள். சிவகாமி என்பது உமையம்மையின் பெயர். ஆதலின் மகன் முருகன். வேலனும் தோகை மயிலும் பாட்டிலேயே வருதலால் இப்பொருள் தெளிவாகப் பொருந்துகிறது. ஆயினும், பெருந்தலைவர் காமராசரின் அன்னையார் பெயரும் சிவகாமி. கவிஞரோ 1961-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தினின்று விலகிப் பின்னர்க் காங்கிரசிற் சேர்ந்தவர். எனவே, இது காமராசருக்கு விடுத்த தூதே என்று பலர் பொருள் கொண்டனர்; இன்றும் அவ்வாறே கூறுவாருளர்.

இங்கேதான் நாம் விழிப்போடு இருத்தல் வேண்டும். 'பாட்டு இப்பொருளுக்கும் இடந்தருகிறது' என்பது ஒரு கூற்று. 'கவிஞர் இதனையே கருதினார்' என்பது வேறொரு கூற்று. முன்னதற்குப் பாட்டின் சொற்களே போதிய சான்று. பின்னதோ ஒரு மனிதரின் உள்ளத்தைப் பற்றியது. அதற்கு அவருடைய சொல்லோ எழுத்தோ சான்றாக வேண்டும். ஊரார் பேச்சு எத்துணை சுவையாயினும் சான்றாகாது. கண்ணதாசன் 1981-இல் மறைந்தார். மறைந்தவர் எழுந்து வந்து மறுத்துரைக்க இயலாது என்பதற்காக, அவர் கருதாததை அவர்மீது ஏற்றுவது முறையன்று. வாழ்கின்றவர்மீது ஏற்றினாலோ அவருக்குத் தீங்கும் நேரலாம்.

ஆகவே, ஒரு பாட்டிற்கு நீங்கள் பொருள் கூறும்போது மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கூறும் பொருள் ஒரு சொல்லுக்கு மட்டுமன்றி எல்லாச் சொற்களுக்கும் பொருந்துகின்றதா? யார், யாரிடம், எச்சூழலிற் பேசுகின்றனர் என்பதற்கு இசைகின்றதா? கவிஞரின் கருத்து இதுவென்று துணிந்து கூற என்னிடம் சான்று உளதா? முதலிரண்டிற்கும் ஆம் என்றால், உங்கள் பொருளைத் தயங்காது கூறுங்கள். மூன்றாவதற்கு இல்லை என்றால், 'இது நான் கொண்ட பொருள்' என்று வெளிப்படையாகவே சேர்த்துச் சொல்லுங்கள். தேர்வுத்தாளிலும் அவ்வாறே எழுதலாம். அதனால் உங்கள் விடையின் மதிப்புக் குறையாது.