ஏப்ரல்ல அஞ்சு பேருக்கு ஒரு மலை

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே திருத்தப்பட்டுள்ளது.)

இந்த வாரம் கோடிங் பத்தி எதுவும் இல்ல. நடுவுல லாரி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க. வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுல இருந்து நாலாவது வீடு நம்ம வீடு. ராத்திரி பத்து மணிக்கு மேலதான் அங்க உண்மையான டிராஃபிக்கே ஆரம்பிக்கும்.

விஷயம் இதுதான். 2025 ஏப்ரல்ல நாங்க அஞ்சு பேர் ஒரு மலைக்குப் போய் நடக்கலாம்னு கிளம்பினோம். நடந்தது ரெண்டு நாள். எந்த மலைன்னு முடிவு பண்ண ஆறு வாரம் ஆச்சு. அந்த ஆறு வாரத்தைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற எல்லா கேங்லயும் இதே சண்டை வருஷா வருஷம் ஓடுது.

முதல்ல ஆளுங்க யாருன்னு சொல்லிடுறேன். பேர் வேணாம், சொன்னா உதைப்பாங்க. நான் ஒரு பிளான்ட்ல லைனுக்கான சாஃப்ட்வேர் பாக்குறேன். ஜெனரல் ஷிஃப்ட், சனி ஞாயிறு லீவு. என் ரூம்மேட் டிசைன்ல இருக்கான். மெயின்டனன்ஸ்ல ஒரு அண்ணன், எங்க எல்லாருக்கும் மூத்தவர், வலது முட்டில வலி. குவாலிட்டில ஒரு தோழி, சுங்குவார்சத்திரத்துல ஹாஸ்டல். கடைசியா ஒரு தம்பி. கள்ளக்குறிச்சி பக்கம், டிப்ளமோ, அசெம்ப்ளி லைன்ல ட்ரெய்னி. ஷிஃப்ட் வாராவாரம் மாறும், லீவு ஞாயிறு மட்டும். ஒருநாள் போகலைன்னா அந்த நாள் சம்பளத்தோட அட்டெண்டன்ஸ் இன்சென்டிவும் போயிடும். அவனோட ட்ரெய்னிங் மே மாசம் முடியுது. நீட்டிப்பாங்களான்னு அவனுக்கே தெரியாது. அதனால அஞ்சு பேரும் சேர்ந்து போகணும்னா மே மாசத்துக்குள்ள போயாகணும்.

ஆரம்பிச்சு வச்சது ஆறாவது ஆள். எங்க ரூம்ல இருந்து ஸ்டுட்கார்ட் போனவன். பிப்ரவரி கடைசில வீடியோ கால்ல வந்து, "ஏப்ரல்ல இங்க வசந்தம்டா, வாங்க, ஆல்ப்ஸ்ல நடக்கலாம்"னான். அஞ்சு நிமிஷத்துல வாட்ஸ்ஆப் குரூப் ரெடி. பேரு 'ஆல்ப்ஸ் 2025'. ஷெங்கன் விசாவுக்கு மட்டும் ஆளுக்கு 90 யூரோ, அது 2024 ஜூன்ல ஏத்தின ரேட்டு. அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ், இன்சூரன்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், லீவு லெட்டர். தம்பி அந்தக் கால்ல ஒரு வார்த்தை பேசல. தம்ஸ் அப் மட்டும் போட்டான்.

காசை ஒரு பக்கம் வைங்க. நான் உட்கார்ந்து படிச்சப்பதான் தெரிஞ்சுது, ஏப்ரல் ஆல்ப்ஸ்ங்கிறதே நாம நினைக்கிற ஆல்ப்ஸ் இல்ல. மோன் பிளாங் மலையச் சுத்தி சுமார் 170 கிலோமீட்டர் ஒரு பாதை இருக்கு, ரொம்பப் பிரபலம். வழில தங்குற மலைக்குடில்கள் பெரும்பாலும் ஜூன் நடுவுலதான் திறக்கும், செப்டம்பர்ல மூடிடும். ஏப்ரல்ல மேல கணவாய் எல்லாம் பனி. சரி, தெற்கே போலாம்னு கிரீட் தீவைப் பார்த்தோம். சமாரியா பள்ளத்தாக்குல 16 கிலோமீட்டர் இறக்கம். அதுவும் வழக்கமா மே மாசம்தான் திறப்பாங்க. போர்ச்சுகலோட மதெய்ரா தீவுல பழைய பாசன வாய்க்கால் ஓரமாவே நடக்குற பாதைகள் இருக்கு, ஏப்ரலுக்கு அது சரியா வரும். "வாய்க்கால் வரப்புல நடக்க எதுக்குடா விசா, எங்க ஊர்லயே இருக்கே"ன்னார் அண்ணன். ஐரோப்பா அதோட முடிஞ்சுது.

ஆனா அந்தத் தேடல்ல ஒண்ணு கவனிச்சேன். அங்க மாசத்தைப் பார்த்துட்டுத்தான் மலையப் பாக்குறாங்க. நாங்க போட்டோவைப் பார்த்து மலைய எடுத்துட்டு, மாசத்தைக் கடைசில கேட்டோம்.

அதையே தமிழ்நாட்டுலயும் பண்ணோம். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. 14 மாவட்டத்துல 40 பாதை, ஆன்லைன்ல புக்கிங், கூட வர்றதுக்கு உள்ளூர் வழிகாட்டி. ஏலகிரி சுவாமிமலை, வட்டக்கானல்–வெள்ளகவி, நம்ம பக்கத்து திருவள்ளூர்ல குடியம் குகைன்னு எல்லாம் லிஸ்ட்ல இருக்கு. ரூம்மேட் துள்ளிக் குதிச்சான். புக் பண்ணப் போனா, பிப்ரவரி 15ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் மூடல். காட்டுத்தீ காலம்.

இப்போ காலண்டரைப் பாருங்க. ஏப்ரல் 14 திங்கள், தமிழ்ப் புத்தாண்டு, தம்பிக்கும் லீவு. ஞாயிறோட சேர்த்தா ரெண்டு நாள். அடுத்த வெள்ளி, ஏப்ரல் 18, புனித வெள்ளி. அதுக்குள்ள பாதை திறந்திடும், எங்க நாலு பேருக்கும் லீவு, தம்பியோட லைன் மட்டும் ஓடும். ரூம்மேட் குரூப்ல, "அப்போ நாலு பேர் போலாம், அவனை அடுத்த தடவை கூட்டிட்டுப் போலாம்"னு போட்டான். தம்பியும் அதே குரூப்லதான் இருக்கான். "ஓகேண்ணா"ன்னு பதில் போட்டான். அந்த ஓகே எனக்கு ரெண்டு நாள் உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

தோழிதான் நேரா கேட்டா: "அடுத்த தடவைன்னா எப்போ?" யாருகிட்டயும் பதில் இல்ல.

அப்போ 14ஆம் தேதிதான்னு முடிவாச்சு. எங்க? வெள்ளியங்கிரி பிப்ரவரில இருந்து மே வரைக்கும் பக்தர்களுக்குத் திறந்திருக்கும், ஏழு மலை, ராத்திரி ஏற்றம். ஆனா குறிப்பிட்ட வயசுப் பெண்கள் ஏறுறதில்லைன்னு ஒரு பழைய வழக்கம் அங்க இருக்கு. தோழி, "நீங்க போயிட்டு வாங்க, விபூதி கொண்டாங்க"ன்னா. அதோட அது க்ளோஸ். பர்வதமலை நமக்குக் கிட்ட. ஆனா கடப்பாரையும் சங்கிலியும் பிடிச்சு ஏறுற செங்குத்துப் பாறை, சித்திரை வெயில், அண்ணன் முட்டி. ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ். அதுவும் 2025 ஏப்ரல் 1ல இருந்து ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதில 8,000 வண்டின்னு உச்சவரம்பு. ரெண்டு நாள் லீவுல ஒரு நாள் ரோட்டுலயே போயிடும்.

இந்த இடத்துலதான் ரூம்மேட் ஒரு இன்ஸ்டா பக்கத்தைக் காட்டினான். மூடுன பாதைக்கே கூட்டிட்டுப் போற ஆளு. ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு, விடியக் காலைல செக்போஸ்ட்டுக்குப் பின்பக்கமா நுழையணும், பத்து மணிக்குள்ள இறங்கிடலாம். உண்மையச் சொல்றேன், எனக்கும் ஆசையா இருந்துச்சு. தம்பியும் வரலாம், மலையும் கிடைக்கும்.

2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. நான் அப்போ காலேஜ் ஹாஸ்டல்ல. தேனி மாவட்டம் குரங்கணில தீன்னு டிவில ஓடிக்கிட்டே இருந்துச்சு. கொழுக்குமலைல இருந்து இறங்கிக்கிட்டு இருந்தவங்க நடுவுல மாட்டிக்கிட்டாங்க. ஹெலிகாப்டர் வந்துச்சு. ஆஸ்பத்திரில இறந்தவங்களையும் சேர்த்து 20 பேருக்கு மேல போயிட்டாங்க. சென்னைல ஐடில வேலை பார்த்தவங்க, திருப்பூர், ஈரோடு பக்கத்து ஆளுங்க. சனி ஞாயிறு லீவுல மலைக்குப் போனவங்க, அவ்வளவுதான். காய்ஞ்ச புல்லுச் சரிவுல தீ மேல் நோக்கி ஏறுற வேகத்துக்கு மனுஷன் ஓட முடியாது. அந்த வருஷமே அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டு வந்துச்சு. இப்போ இருக்கிற மூடல், வழிகாட்டி, புக்கிங் எல்லாத்துக்கும் பின்னாடி அந்த ஞாயிறு இருக்கு.

இதைச் சொன்னேன். ரூம்மேட், "எல்லா வருஷமுமா தீ பிடிக்குது?"ன்னான். அதுக்கு நான் பேசினது எடுபடல. அண்ணன்தான் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டுச் சொன்னார்: "பிளான்ட்ல நான் ஒரு அங்குலம் வெல்டிங் வைக்கணும்னா ஹாட் வொர்க் பர்மிட் வேணும். சுத்தி இருக்கிற எண்ணெய்த் துணிய எல்லாம் எடுக்கணும். பக்கத்துல ஒருத்தன் எக்ஸ்டிங்குஷரோட நிக்கணும். எல்லா வெல்டிங்லயுமா தீ பிடிக்குது? நீ அந்த எண்ணெய்த் துணிக்கு நடுவுலயே போய்ப் படுக்கலாம்ங்கிற." ரூம்மேட் அந்தப் பக்கத்தை அன்ஃபாலோ பண்ணானான்னு தெரியாது. பேச்சை விட்டுட்டான்.

நடுவுல ஒரு ஞாயிறு காலைல திருக்கழுக்குன்றம் போய் மலைக்கோயில் படி ஏறினோம். 500 படிக்கு மேல. கேங்கோட வேகம் என்னன்னு அங்கயே தெரிஞ்சிடும். உங்க ஊர்ப் பக்கம் ஒரு மலைக்கோயில் இருந்தா, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி கண்டிப்பா இதைப் பண்ணுங்க. அண்ணன் ஏறும்போது ஒண்ணும் இல்ல, இறங்கும்போது முட்டியப் பிடிச்சுக்கிட்டார். அதனால செங்குத்து இறக்கம் வேணாம்னு ஆச்சு.

மிச்சம் ஏலகிரி. அதுவும் காட்டுப் பாதை இல்லாம, ஊர்ப் பாதை மட்டும். "ஏலகிரியா? ஆல்ப்ஸ்ல ஆரம்பிச்சு ஏலகிரியா?"ன்னு ரூம்மேட் கத்தினது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

தம்பிக்கு அந்த வாரம் ஏ ஷிஃப்ட். சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட் விட்டு வந்ததும், அண்ணன் கார்ல கிளம்பினோம். தோழி ஹாஸ்டல்ல அவுட் பாஸ் வாங்க, வீட்டுல இருந்து அவங்க அம்மா வார்டனுக்கு ரெண்டு தடவை போன் பண்ண வேண்டியிருந்துச்சு. காஞ்சிபுரம், வேலூர், ஆம்பூர்ல பிரியாணி, வாணியம்பாடி தாண்டி மேல 14 கொண்டை ஊசி வளைவு. அத்தனாவூர்ல ரெண்டு ரூம்.

ஞாயிறு விடியக் காலைல அஞ்சரைக்கு நடக்க ஆரம்பிச்சோம். நிலாவூர் பக்கம், அப்புறம் மங்களம். பலா மரம், ராகி காய வச்ச களம், எங்களைப் பார்த்துக் குரைச்சுச் சலிச்சுப் போன நாய்ங்க. பத்து மணிக்கு வெயில் ஏறிடுச்சு, கடல்மட்டத்துல இருந்து ஆயிரத்து சொச்சம் மீட்டர்தான், சித்திரைக்கு அது பத்தாது. மறைக்க ஒண்ணும் இல்ல. மங்களத்துல நின்னு சுவாமிமலையைப் பார்த்தோம். சரிவு முழுக்க வெளுத்துப் போய்க் காய்ஞ்சு கிடந்துச்சு.

அப்போ தம்பி சொன்னான்: "எங்க ஊர்ல கல்வராயன் மலையும் இப்போ இப்படித்தாண்ணா இருக்கும். பங்குனி, சித்திரைல நாங்க யாரும் மேல போக மாட்டோம். மழை முடிஞ்சு வாங்க, அருவில தண்ணி இருக்கும்."

கல்வராயன் மலையடிவாரத்துல வளர்ந்தவன். ஆறு வாரம் ஐரோப்பா வரைக்கும் தேடியிருக்கோம், அவன்கிட்ட ஒரு தடவை கூட யாரும் கேக்கல. "ஏண்டா சொல்லல?"ன்னேன். "நீங்க எல்லாம் வெளிநாடு பேசிட்டு இருந்தீங்கண்ணா"ன்னு சிரிச்சான்.

இதை ரெக்கார்ட் பண்றப்ப ஜூன் மாசம். அவனுக்கு நீட்டிப்பு வரல. ஊர்லதான் இருக்கான், ஓசூர்ல ஒரு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. குரூப் பேரு இன்னும் 'ஆல்ப்ஸ் 2025'தான். நேத்து அதுல, "அக்டோபர்ல எத்தனை பேர்? வீட்டுல அம்மா கேக்குறாங்க"ன்னு போட்டிருந்தான். ஸ்டுட்கார்ட்காரனும் லீவு கேட்டுப் பாக்குறேங்கிறான். அண்ணன் முட்டிக்கு டாக்டரைப் பாத்துட்டார். அவுட் பாஸ் கதை மட்டும் பாக்கி.

அடுத்த வாரம் திரும்ப கோடிங். உங்க கேங் எங்க போனீங்க, யாரை விட்டுட்டுப் போனீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. வரட்டா.