சொல்லியும் மறந்துபோனால்

கரண்ட் பில் கட்டக் கடைசி நாள் போய்விட்டது. காலையிலேயே மனைவி சொல்லியிருந்தாள். கணவனும் "சரி, கட்டிவிடுகிறேன்" என்றான். சாயங்காலம் வந்து பார்த்தால் கட்டவில்லை. "நான் சொன்னது காதில் விழுந்ததா, இல்லையா?" என்று அவள் கேட்கிறாள். மணமான புதிதில் கேட்கப்படும் கேள்வி இது. ஐந்தாறு வருடம் கழித்து அதே பில், அதே மறதி, ஆனால் கேள்வி வேறு: "என் பேச்சுக்கு இந்த வீட்டில் மதிப்பே கிடையாதா?" முதல் கேள்வி ஞாபகத்தைப் பற்றியது. இரண்டாவது அன்பைப் பற்றியது. ஒன்று எப்போது மற்றொன்றாக மாறியது என்பது இருவருக்குமே தெரியாது. பெரியவர்களிடம் காணப்படும் கவனக்குறைபாட்டுக் கோளாறு, அதாவது மருத்துவர்கள் ஏடிஎச்டி என்று சொல்வது, தாம்பத்தியத்தில் செய்யும் பெரிய சேதம் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பில்லை அபராதத்தோடு கட்டிவிடலாம். மறதிக்கு நாம் கொடுத்துவிடும் அர்த்தத்தை அப்படி எளிதில் திரும்ப எடுக்க முடிவதில்லை.

இது நேற்று முளைத்த நோய் அல்ல. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். அதன் பிறகு நெடுங்காலம் இது பிள்ளைகளின் கோளாறு, வளர்ந்தால் சரியாகிவிடும் என்றே நம்பப்பட்டது. பலருக்கு ஓட்டமும் துள்ளலும் வயதோடு அடங்கிவிடுகின்றன. கவனச்சிதறலும் மறதியும் தங்கிவிடுகின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் பெரியவர்களுக்கென்று அளவுகோலைத் திருத்தியது. பத்து நாடுகளில் எடுத்து 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பெரியவர்களில் சுமார் 3.4 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது. அந்தப் பத்தில் இந்தியா இல்லை என்றாலும், இது பெருமளவு பரம்பரையாக வருவது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படிப்பட்டது ஒரு தேசத்தின் எல்லையோடு நின்றுவிடாது. "மேட்ச் என்றால் நான்கு மணி நேரம் அசையாமல் உட்காருகிறார், நான் பேசினால் மட்டும் கவனம் இல்லையா?" என்று பல மனைவிமார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்தக் கோளாறில் கவனம் இல்லாமல் போவதில்லை. அதைத் திருப்பும் கடிவாளம்தான் கையில் நிற்பதில்லை. சுவாரசியமும் பரபரப்பும் புதுமையும் உள்ள இடத்துக்குக் கவனம் தானே ஓடுகிறது. சுவாரசியம் இல்லாத, ஆனால் செய்தே ஆகவேண்டிய வேலைக்கு அதை இழுத்துவருவதே கஷ்டம். இதனால்தான் நிச்சயதார்த்தம் முடிந்த நாட்களில் மணிக்கணக்காகப் போனில் பேசியவர், இரண்டே வருடத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும்போதும் எங்கோ இருப்பதுபோல் தெரிகிறார். அன்று காட்டியது நடிப்பு என்று துணை முடிவுகட்டிவிடுவது எவ்வளவு இயல்போ, அவ்வளவு தவறு.

கனடாவில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்லவேண்டும். சிறிய ஆய்வுதான். இந்தக் கோளாறு உள்ள, மணமான 33 பேரையும் அவர்களுடைய துணைகளையும், கோளாறு இல்லாத 26 பேரையும் அவர்களுடைய துணைகளையும் ஒப்பிட்டார்கள். கோளாறு உள்ளவரோடு வாழ்பவர்தான் அதிகம் புலம்புவார் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் தங்கள் மணவாழ்க்கையை அதிக மோசமாக மதிப்பிட்டவர்கள் கோளாறு உள்ளவர்களே. அவர்களுடைய துணைகளின் சராசரி மதிப்பீடு மற்றத் துணைகளுடையதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. குறைபாடுகளைத் தாங்கள் ஈடுகட்டும் விதங்களைத்தான் அந்தத் துணைகள் பேட்டியில் விவரித்தார்கள். 33 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதமுடியாது. ஆனாலும் இந்த முடிவு என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. ஒருவர் ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறார்: நினைவுபடுத்துகிறார், சரிபார்க்கிறார், விட்டதைச் செய்கிறார். மற்றவர் பார்க்கப்பட்டுக்கொண்டே இருக்கிறார். இப்படி ஒருவர் கண்காணி, ஒருவர் பிள்ளை என்று வீடு பிரிந்துவிட்டால், அங்கே புருஷன் பெண்டாட்டி என்ற உறவு மெல்ல மெல்ல இல்லாமல் போகிறது. திட்டு வாங்காமல் இருக்கப் பொய் சொல்லும் பழக்கமும் அங்கேதான் தொடங்குகிறது. "கட்டிட்டியா?" என்றால் "கட்டிட்டேன்" என்ற ஒரு சின்னப் பொய். மறதியை மன்னித்த துணை அந்தப் பொய்யை மன்னிப்பதில்லை.

இதெல்லாம் சோம்பேறித்தனத்துக்கு ஒரு இங்கிலீஷ் பெயர், சாக்கு என்று சிலர் சொல்வார்கள். மறதி யாருக்குத்தான் இல்லை? அதனால்தான் மருத்துவத்தில் நிபந்தனைகள் இருக்கின்றன. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும். வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரியவேண்டும். வாழ்க்கையை உண்மையாகவே பாதிக்கவேண்டும். முதலாளி சொன்னதும் நண்பர்கள் சொன்னதும் ஒன்றுகூட மறக்காமல், மனைவி சொன்னது மட்டும் நாற்பது வயதில் திடீரென்று மறக்கத் தொடங்கினால் அதற்குக் காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும். கை ஓங்குவதற்கும் இந்தக் கோளாறு சாக்காகாது. காரணம் தெரிவதும் பொறுப்பிலிருந்து விடுபடுவதும் ஒன்றல்ல. கண் மங்கலானவர் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டவேண்டும். தெரியவில்லை என்று இடித்துவிட்டுப் போகமுடியாது.

இதைவிட எனக்கு வலுவாகப் படும் ஆட்சேபம் ஒன்று உண்டு. நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்தப் பெயரே இல்லாமல் குடும்பம் நடக்கவில்லையா? நடந்தது. எப்படி நடந்தது என்று பார்க்கவேண்டும். மறதிக்காரர் மறந்ததை அப்பாவோ, தம்பியோ, மூத்த மருமகளோ பார்த்துக்கொண்டார்கள். ஒரு கூட்டுக் குடும்பம் பத்து பேருக்குப் பிரித்துக்கொடுத்த சுமையை இன்று இரண்டு பேர் இருக்கும் ஒரு ஃபிளாட் தாங்குகிறது. அதோடு மாதத் தவணை, பள்ளிக் கட்டணம், ஏகப்பட்ட பாஸ்வேர்டுகள். தவிர, அந்தக் காலத்துச் சகிப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. மறந்தது ஆணாக இருந்தால் "அவர் சுபாவமே அப்படித்தான்" என்று விட்டுவிட்டார்கள். பெண்ணாக இருந்தால் "பொறுப்பில்லாதவள், வளர்ப்பு சரியில்லை" என்று அவளுடைய அம்மாவரைக்கும் பேச்சுப் போனது. இன்றும் போகிறது. பள்ளிப் பருவத்தில் துள்ளித் திரியும் பையன் கண்ணில் படுகிறான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண் யார் கண்ணிலும் படுவதில்லை. அவள் மணமாகி, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்த பிறகுதான் குற்றவாளியாகப் பார்க்கப்படுகிறாள். பெயர் தெரிவதால் ஆண்கள் தப்பித்துக்கொள்வார்கள் என்று அஞ்சுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெயர் தெரியாத காலத்திலேயே ஆண்கள் தப்பித்துக்கொண்டார்கள், பெண்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மனநல மருத்துவர் விரிவாகப் பேசித்தான் கண்டுபிடிப்பார். அறிகுறிகளைக் குறைக்க மெத்தில்ஃபெனிடேட், அடோமோக்ஸெடின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் தொடக்கூடாதவை. மாத்திரை கவனத்துக்குத் துணை நிற்கும், ஐந்து வருட மனக்கசப்பைக் கரைக்காது. அதற்கு வீட்டின் வழக்கம் மாறவேண்டும். நினைவுபடுத்தும் வேலையைத் துணையின் வாயிலிருந்து எடுத்து, சுவரில் மாட்டிய காலண்டருக்கும் போன் அலாரத்துக்கும் கொடுத்துவிடலாம். கரண்ட் பில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும்படி செய்யலாம். வேலையைப் பிரிக்கும்போது முழுசாகப் பிரிக்கவேண்டும்: கேஸ் சிலிண்டர் ஒருவர் பொறுப்பு என்றால் தீர்வதைக் கவனிப்பது முதல் பணம் கொடுப்பது வரை அவருடையது, இன்னொருவர் மேற்பார்வை பார்க்கக் கூடாது. அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பதைவிட, எதிரே வந்து முகம் பார்த்து ஒரே ஒரு விஷயத்தைச் சொல்வது பலன் தரும்.

சந்தேகம் இருப்பவர்கள் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சின்ன வகுப்பு ராங்க் கார்டு எங்காவது பரணில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆசிரியர் எழுதிய குறிப்பு உதவும். தனியாகப் போகாமல் இருவரும் சேர்ந்தே போங்கள். மறந்தவருக்கு மறந்தது எதுவென்று தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர் பக்கத்தில் இருப்பவர்தான்.