மின்னேற்றத்துக்கு ஒரு காவலன்

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் பெருவீதியில், நக்கிள்ஸ் மலைச்சாரலில் அமைந்த ஊர் ஹுன்னஸ்கிரிய. மீமுரே கிராமத்துக்குச் செல்லும் மலைப்பாதை இங்கிருந்தே பிரிகிறது. இத்தகைய மலையூர்களுக்கு மின்கம்பி காலந்தாழ்த்தியே வந்தது. முன்னாளில் நாட்டுப்புற மக்கள், தொலைக்காட்சி பார்ப்பதற்காக மோட்டார் வண்டிப் பற்றரியைக் கடைத்தெருவுக்குச் சுமந்து சென்று மின்னேற்றி வருவர். பின்னர், 2002 முதல் 2011 வரை உலக வங்கியின் துணையுடன் நடைபெற்ற கிராமிய மின்வலுத் திட்டத்தின்கீழ், இலங்கையில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சூரிய மின்தகடு பெற்றன.

மின்கம்பி வந்தபின்னும் அதன் தேவை ஒழியவில்லை. 2022ஆம் ஆண்டில் நாள்தோறும் பல மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டபோது, மாணவர் இரவில் படிக்க ஒளியின்றித் தவித்தனர். பற்றரியும் தகடும் இருந்த வீடுகளில் அவ்விடர் குறைவு. இப்பொழுது மலைகளில் தங்கிச் செல்லும் உல்லாசப் பயணிகளின் வண்டிக் கூரைகளிலும் இத்தகடுகளைக் காணலாம்.

ஆயின், தகட்டையும் பற்றரியையும் வாங்குவோர், இடையில் இணைக்கவேண்டிய ஒரு சிறு பெட்டியை வீண்செலவென எண்ணி விட்டுவிடுவதுண்டு. மின்னேற்றக் கட்டுப்படுத்தி என்பது அதன் பெயர். அது இல்லாவிடில் நேர்வது யாது?

12 வோல்ற்றுத் தகடு என விற்கப்படுவது, நல்ல வெயிலில், எதனோடும் இணைக்கப்படாத நிலையில், 21 அல்லது 22 வோல்ற்று வரை காட்டும். ஈய அமிலப் பற்றரியோ, நிறைந்து ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 12.7 வோல்ற்று உடையது, மின்னேற்றும்போது 14.4 வோல்ற்று அளவில் நிறுத்துதல் வேண்டும். அதனை மீறினால் உள்ளேயுள்ள நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து வெளியேறும், தகடுகள் அரிக்கப்படும். ஐதரசன் தீப்பற்றும் வாயுவாதலின், பற்றரியைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பதே நன்று. மறுபுறம், பற்றரியை முற்றாக வடியவிட்டு அப்படியே வைத்திருந்தால், ஈய சல்பேற்று இறுகி அதன் கொள்ளளவு குன்றும். கட்டுப்படுத்தி இவ்விரு கேடுகளையும் தடுக்கிறது: நிறைந்ததும் மின்னேற்றத்தை மட்டுப்படுத்தும், 11.5 வோல்ற்று அளவுக்கு இறங்கியதும் விளக்குகளைத் துண்டிக்கும். இரவில் மின்னோட்டம் தகட்டுக்குத் திரும்பாதவாறும் காக்கும். எம்.பி.பி.ரி. எனச் சந்தையில் வழங்கும் வகை விலை கூடியதாயினும், தகட்டின் மிகை வோல்ற்றை மின்னோட்டமாக மாற்றித் தருவது. குளிர்ந்த மலைநாட்டில் அதனால் பயன் மிகுதி.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 100 உவாற்றுத் தகடு முழு வெயிலில் 5 அம்பியருக்குச் சற்று மேல் தரும். நான்கு மணிநேர முழு வெயிலுக்கு ஈடான ஒளி கிடைத்தால், ஏறத்தாழ 20 அம்பியர் மணி சேரும். 5 உவாற்று மின்குமிழ்கள் மூன்று நான்கு மணிநேரம் எரிய, 5 அம்பியர் மணி போதும். மூடுபனி நாளில் காற்பங்கே சேர்ந்தாலும் பிள்ளைகளின் படிப்புக்கு ஒளி உண்டு; தொலைக்காட்சியையும் இயக்கினால் அது போதாது. ஆதலின், பனிக்காலத்தில் எதை முதலில் நிறுத்துவது என வீட்டார் முன்கூட்டியே முடிவுசெய்தல் நலம்.

இணைக்கும்போது முதலில் பற்றரியையும் பின்னரே தகட்டையும் கட்டுப்படுத்தியுடன் இணைக்க வேண்டும். கழற்றும்போது தகட்டை முதலிற் கழற்றுக. பற்றரிக்கு அருகில் ஓர் உருகியும் இன்றியமையாதது. லிதியம் பற்றரியாயின் அதற்குரிய அளவுகள் வேறு. கட்டுப்படுத்தியில் அவ்வகையைத் தெரிவுசெய்தபின்னரே இணைத்தல் வேண்டும்.

தோட்டத்து லயன் காம்பராவில் வாழும் குடும்பத்துக்குப் பற்றரியின் விலை எளிதன்று. சில ஆண்டுகள் உழைக்கவேண்டிய பொருள், காவலின்மையால் சில மாதங்களில் கெட்டால், இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மாலைப்பொழுதும் இருளடைகிறது. ஆகவே, தகடு வாங்கச் செல்லும் அன்பர்கள், கட்டுப்படுத்தியின் விலையையும் சேர்த்தே கணக்கிடுவீர்களாக.