நன்றி மறவாத் துணை

 

இல்லறத்தார்க்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் பேச்சாகவும், சில வீடுகளில் சிறு பூசலாகவும் இருந்துவரும் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டேன். வீட்டில் நாய் வளர்க்கலாமா என்பதே அது. பேரப்பிள்ளைகள் வேண்டும் என்கின்றனர். பாட்டிமார்கள் கூடாது என்கின்றனர். பிள்ளைகள் அயல்நாடு சென்றபின் தனித்திருக்கும் பெற்றோர் சிலரோ, கூடாது என்று சொன்ன வாயாலேயே நாய்க்குட்டியைக் கொஞ்சிக்கொண்டிருக்கின்றனர். வளர்ப்பு நாய் தரும் மகிழ்ச்சி எத்தகையது, ஆறுதல் எத்தகையது, அதற்கு நாம் செலுத்த வேண்டிய கைம்மாறு யாது என்னும் மூன்றையும் இன்று எண்ணிப் பார்ப்போம்.

ஒருவரை இழித்துரைக்க வேண்டுமானால் நாயின் பெயரைச் சொல்லுவது உலக வழக்கு. ஆயினும் நம் முன்னோர் நாயின் பெருமையை அறியாதவர் அல்லர். சமண முனிவர்கள் அருளிய நாலடியார், நட்பினை ஆராயுமிடத்து யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்துகிறது. யானை பெருமை மிக்கது. எனினும் நெடுங்காலம் பழகிய பாகனையே அது கொன்றுவிடக் கூடும். நாய் எளியது, எனினும் வேலெறிந்து புண்படுத்திய தலைவனிடத்தும் அது வாலைக் குழைத்து நிற்கும். ஆதலின் நண்பரைத் தேர்வோர் பெருமையை நோக்காது அன்பின் உறுதியை நோக்க வேண்டும் என்பது அச்செய்யுளின் கருத்து. துறவு பூண்ட முனிவர்கள் நட்புக்கு இலக்கணமாக நாயைக் காட்டியது எண்ணி வியத்தற்குரியது.

கல்வெட்டுகளும் இதற்குச் சான்று கூறும். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்னும் சிற்றூர் உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று அங்குக் கிடைத்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு வீழ்ந்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்ட கல் அது. அதில் வீரனோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துத் தலைவனைக் காத்து நின்றது என்று அதன் செயலையும் எழுதி வைத்தனர். ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மன்னர் பலரின் பெயர்கள் மறைந்து போயின. ஒரு சிற்றூரின் காவல்நாயின் பெயர் இன்றும் நம்மிடம் உள்ளது.

கன்னட நாட்டில் மண்டியா மாவட்டத்து ஆதகூரில், 949-50ஆம் ஆண்டைச் சேர்ந்த இன்னொரு கல் கிடைத்தது. மணலேரன் என்னும் வீரன் தன் அரசனிடம் பரிசாக வேண்டியது பொன்னன்று, நிலமன்று. காளி என்னும் வேட்டை நாயையே. அந்நாய் ஒரு பெருங்காட்டுப் பன்றியோடு போரிட்டது, இரண்டும் மடிந்தன. நாயின் நினைவாகக் கல் நட்டு, அதனைப் போற்றுவதற்கு நிலமும் விட்டனர். வேட்டை நமக்கு உடன்பாடன்று. எனினும் தனக்காக உயிர் விட்ட விலங்கை மறத்தல் பாவம் என்று எண்ணிய அந்த நெஞ்சம் நமக்கு உடன்பாடே.

இவை பழங்காலத்துச் செய்திகள். இக்கால அறிவியலும் இந்த உறவை ஆராய்ந்துள்ளது. தாய் தன் குழவியை அணைக்கும்போதும் பாலூட்டும்போதும் ஆக்சிடோசின் என்னும் ஒரு சுரப்பு மிகும். நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் நோக்கும்போது இருவரிடத்தும் அதே சுரப்பு மிகுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டு 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடத்து அம்மாற்றம் காணப்படவில்லை. பல்லாயிரம் ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்ததால் நாய் பெற்ற பேறு இது. செவிலியர் பணியின் தாய் எனப் போற்றப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல், நெடுநாள் நோயாளிகளுக்குச் சிறு வளர்ப்பு விலங்கு நல்ல துணையாகும் என்று 1859ஆம் ஆண்டிலேயே எழுதினார். முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்கு வழிகாட்ட ஜெர்மனியில் 1916ஆம் ஆண்டில் நாய்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கினர். கண்ணிழந்தவனுக்குக் கோல் வழிகாட்டும். நாயோ வழியும் காட்டும், உடனும் வரும்.

ஆசிரியப் பணியில் நான் கண்டதையும் சொல்ல விழைகிறேன். கட்டுரைப் பயிற்சியில் நான்கு வரிகளுக்கு மேல் எழுதாத மாணவன் ஒருவன் இருந்தான். வகுப்பில் பேசவும் கூசுவான். ஒருமுறை 'எங்கள் வீட்டு விலங்கு' என்று தலைப்புக் கொடுத்தேன். அன்று அவன் இரண்டு பக்கம் எழுதினான். எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆனால் பொய் ஒன்றும் இல்லை. தான் திக்கிப் பேசினால் தன் நாய் சிரிப்பதில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தான். ஒரு குழந்தையின் உள்ளத்துக்கு நாய் என்ன செய்கிறது என்பதை எனக்கு உணர்த்தியது அந்த ஒரு வரி.

முதியோர்க்கும் அஃதே. கணவரை இழந்த அம்மையார் ஒருவர் எங்கள் தெருவில் வாழ்கிறார். மகன் வாரந்தோறும் தொலைபேசியில் பேசுவான். திங்கள்தோறும் பணம் அனுப்புவான். குறை ஒன்றும் இல்லை. ஆயினும் ஒருவருக்கென உலை வைக்க மனம் வராமல் பல நாள் பழைய சோற்றோடு நிறுத்திக்கொண்டார். தெருவில் கிடந்த குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கத் தொடங்கியபின் நிலைமை மாறியது. அதற்காகக் காலையில் எழுகிறார். அதற்காக அடுப்பு மூட்டுகிறார். அதனை அழைத்துச் செல்லும்போது தெருவாரோடு நான்கு சொல் பேசுகிறார். முதுமையின் பெருந்துன்பம் நோயன்று. தன்னை வேண்டுவார் எவரும் இல்லையே என்னும் எண்ணமே. அவ்வெண்ணத்தை நீக்குவதே நாய் செய்யும் பெரிய உதவி. செல்வம் குறைந்தாலும், அழகு குறைந்தாலும், பதவி போனாலும் அதன் வரவேற்புக் குறைவதில்லை.

இனி, பெரியோர் எழுப்பும் ஐயத்திற்கு வருவோம். ஊன் உண்ணும் விலங்கை நம் இல்லத்தில் வளர்க்கலாமா என்று வினவுகின்றனர். புறந்தள்ளத் தக்க வினா அன்று இது. நாய் ஓநாயின் வழிவந்ததாயினும், மனிதரோடு வாழ்ந்து மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றலை மிகுதியாகப் பெற்றுள்ளது என 2013ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சோறு, பருப்பு, தயிர் ஆகியவற்றை உண்டு வாழும் நாய்கள் நம் ஊர்களில் பல உண்டு. எனினும் சோறு மட்டும் போதாது. வேண்டிய சத்துகள் அனைத்தும் கிடைக்கும் வகையில் கால்நடை மருத்துவரைக் கலந்து உணவை வகுத்துக்கொள்ள வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. அன்பு மிகுதியால் அவற்றை ஊட்டலாகாது. இவ்வளவு பொறுப்பையும் ஏற்க இயலாதவர் வளர்க்காமல் இருப்பதே அறம். பிறந்தநாள் பரிசாகக் குட்டியை வாங்கிவிட்டு, வளர்ந்தபின் ஊர்ப்புறத்தில் விட்டுவருவது அறத்திற்கு முற்றிலும் மாறானது.

விலங்கு வளர்ப்போர் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதை நம் நூல்கள் முன்னரே வரையறுத்துள்ளன. கொல்லாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. நாள் முழுவதும் குறுஞ்சங்கிலியில் கட்டிப்போடுவதும், அழகுக்காகக் காதையும் வாலையும் நறுக்குவதும், ஊருக்குச் செல்லும்போது பட்டினி போடுவதும் இவற்றுள் அடங்கும் அல்லவா? நாய் வளர்ப்பவர் இவ்வைந்தையும் எழுதி வீட்டில் மாட்டி வைக்கலாம்.

இன்னும் இரண்டு செய்திகள். ஒன்று தடுப்பூசி. குட்டிக்கு மூன்று மாத அளவில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் கூறும் காலங்களில் தவறாது தொடர வேண்டும். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது. மற்றொன்று தீபாவளி. பகவான் மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளை நாம் விளக்கேற்றிப் போற்றுகிறோம். மனிதரினும் கூர்மையான செவி உடைய நாய், அந்நாளில் வெடியோசை பொறாது கட்டிலுக்கடியில் நடுங்கிக் கிடக்கிறது. அன்று நம் வாயிலில் விளக்கு மட்டும் ஒளிரட்டும்.

நாயின் ஆயுள் பெரும்பாலும் 10 முதல் 13 ஆண்டுகளே. ஆதலின் அதனை வளர்ப்போர் பிரிவுத் துயரையும் சேர்த்தே ஏற்கின்றனர். அத்துயரில் இருப்பவரைப் பார்த்து 'ஒரு நாய்தானே' என்று சொல்லாதிருப்போமாக. அதன் இறுதி நாளில் அருகிருந்து தடவிக் கொடுப்பதும் ஓர் அறமே. சீவக சிந்தாமணியில் அந்தணர் உணவைத் தீண்டியதற்காக அடியுண்டு உயிர் துடித்த நாயைச் சீவகன் கண்டான். அது அவன் வளர்த்த நாயன்று. அவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இருந்தும் அருகமர்ந்து அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்தது. பின்னர்ச் சீவகனைக் கொலையினின்று காத்தது. திருத்தக்கதேவர் படைத்த காவியத்தில் தலைவனுக்கு உற்ற நண்பனாக வருபவன், முற்பிறப்பில் நாயாக இருந்தவனே.

ஆகவே அன்பர்களே! நாய் வளர்ப்பவர் அதனிடம் ஆறுதல் பெறுக. பெற்ற ஆறுதலைக் கடனாகக் கருதித் திருப்பிச் செலுத்துக. வளர்க்காதவர் தம் வாயிலில் வெயிற்காலத்தில் ஒரு கலம் நீர் வைத்துத் தெருநாயின் தாகம் தீர்க்க. வாய்விட்டுக் கேட்க இயலாத உயிரின் வேண்டுதலை அறிந்து உதவுவதே அருள்.